பூரானுக்குத் தங்கையின் பெயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது பிறந்தது. அங்கே கிடந்த பழைய இதழில் ஒரு படம்: மரப்பிசின் இறுகிக் கல்லாகி, அதற்குள் ஒரு பூரான். கோடிக்கணக்கான வருடங்களாகத் தனியாக. எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை. பல்வலி மறந்துபோயிற்று.

முதல் வரி: ‘அவள் பூரான்களை நேசித்தாள், ஏனென்றால்...’ வேண்டாம். பூரானை யார் நேசிப்பார்கள்?

2

அவள் அருங்காட்சியக ஆய்வாளர். அவள் ஆராயும் கல்லில் பூரானின் கடைசி இரண்டு பின்னங்கால்களில் ஒன்றுதான் தெரிகிறது. மற்றது கல்லை அறுத்தவனோடு போயிற்று. தெரிகிற கால் மெலிந்தது, முள் இல்லாதது. இன்று உயிரோடிருக்கும் அதன் சொந்தக்காரப் பூரான்களுக்கெல்லாம் அந்தக் காலில் முள் உண்டு. ஆகவே இது புது இனம். பெயர் வைக்கும் உரிமை அவளுக்கு. இறந்துபோன தங்கையின் பெயரை வைப்பதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

(தங்கை எப்படி இறந்தாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அழவைக்கிற பக்கம். கிழித்துவிட்டேன்.)

3

ஒப்பிட்டுப் பார்க்க, அந்தச் சொந்தக்காரப் பூரான்களில் ஒன்றை ஆய்வறைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறாள். நாள் முழுக்க அவள் பேசுவது அதனோடுதான். சில மாதங்களுக்கு முன் மூடி இடுக்கில் சிக்கி அதன் பின்னங்கால் ஒன்று அறுந்துபோனது. இன்று காலை பூரான் சட்டை உரித்திருந்தது. கால் மறுபடி முளைத்திருந்தது. மெலிந்து, முள் இல்லாமல்.

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கல்லுக்குள் இருப்பதும் அறுந்து முளைத்த கால்தான். புது இனமுமில்லை, ஒரு மண்ணுமில்லை.

“நீ இப்ப சட்டை உரிக்கலன்னு யாரு அழுதா?” என்றாள் பூரானிடம்.

(அருவருப்பாக இருக்குமே, பூனையாக மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். பூனைக்குக் கால் முளைக்காது.)

4

முடிவு ஒன்று: மறைத்துவிடுகிறாள். பெட்டிக்குள் இருப்பது வாய் திறக்கப்போவதில்லை.

முடிவு இரண்டு: உண்மையை எழுதிவிட்டுத் தலைநிமிர்ந்து... தலையெல்லாம் மேடையில்தான் நிமிரும்.

முதலாவதில் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதில் அவள் அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

5

சாயங்காலம் அம்மா ஃபோன் செய்கிறாள்.

“சாப்ட்டியாடி?”

“ம்.”

“அக்கம்பக்கம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நம்ம பாப்பா பேரு புக்குல வரப்போகுதுன்னு. பூரானா இருந்தா என்ன, யாராவது அவ பேரைச் சொல்லுவாங்கல்ல?”

“அம்மா...”

“சொல்லு.”

அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன், கை வரவில்லை. அம்மா அந்தப் பக்கம் ஃபோனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.