மாறுகண் பூதம்

“இந்தப் பூதப் பொம்மைக்கு வர்ணம் பூசினது யாரு? கண்ணுக்குள்ள வெளிச்சம் தெரியுதே!” என்று பெவர்லி போட்ட சத்தத்தில் விளையாட்டுச் சங்கத்து மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“மேவிஸ்தான்,” என்றது ஒரு குரல்.

“நம்ம மேவிஸா? அடி வாத்தே, போன வருஷம் நீ பூசின வில்வீரன்லாம் ஜாம் பாட்டில்ல விழுந்து எழுந்த மாதிரி இருந்தானுங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். நாட்டிங்ஹாமில் செல்லமாகக் கூப்பிட எல்லோரும் எல்லோருக்கும் வாத்துதான். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மேவிஸும் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மேசைமேல் குட்டிப் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் மாய உலகப் போர் விளையாட வந்தவளுக்குப் பகடை உருட்டுவதைவிடப் பொம்மைக்கு வர்ணம் பூசுவதில்தான் மனம் ஒட்டிக்கொண்டது. கைதான் வரவில்லை. “பழசுல பழகு” என்றார்கள். சங்கத்து அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. யாருக்கும் வேண்டாத பொம்மைகள் அதில் கிடக்கும். எடுத்துப் போய், தரை கழுவும் மருந்தில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்தால் பெயிண்ட் கழன்றுவிடும். புதிதாகப் பூசிக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆறு வாரம் முன்பு அப்படித்தான் ஒன்றை எடுத்தாள். ஈயத்தில் வார்த்த சதுப்பு நிலப் பூதம். கஞ்சி மாதிரி அப்பிய பச்சை. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே, இரண்டும் ஆளுக்கொரு திசையில். இதைப் போய் யார் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். அன்று அலமாரியில் அதே மாதிரி இரண்டு டப்பா இருந்ததை அவள் பார்க்கத்தான் செய்தாள். எது சங்கத்துடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

மறு ஞாயிறு ரோலண்ட் ஒவ்வொரு மேசையாக வந்து கேட்டார்.

“எங்க க்ளிஃப் பூசின மாறுகண் பூதத்த என் டப்பாவுல காணோம். யாராவது பாத்தீங்களா?”

க்ளிஃப் அவருடைய தம்பி. போன குளிர்காலத்தில் இறந்துபோனவர். அதற்குள் பூதம் மேவிஸ் வீட்டில் வெறும் ஈயமாக நின்றது. அதன் பாதத்தின் அடியில், பூசியவர் பேரை ஆணியால் கீறும் சங்கத்து வழக்கப்படி, க்ளிஃப் என்று இருந்ததையும் அவள் படித்திருந்தாள்.

“நான் பாக்கலயே,” என்றாள்.

அதோடு நிறுத்தவுமில்லை. அவருடன் சேர்ந்து தேடினாள்.

பிறகு ஐந்து வாரம் வேலை செய்தாள். தண்ணீராகக் கரைத்த வர்ணத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினாள். பிரஷ் நுனியை உதட்டில் கூராக்கிக் கூராக்கி, சாப்பாட்டிலெல்லாம் வர்ண ருசி. நன்றாகப் பூசப் பூச, இது அந்தப் பூதமே இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. கடைசியில் புதிய பீடத்தில் ஒட்டி, அடியிலிருந்த பேரை மறைத்தாள்.

இன்று சங்கத்துப் போட்டி. யாருடைய பொம்மை பிடிக்கிறதோ அதன் முன்னால் ஒரு பகடையை வைக்க வேண்டும். பூதத்தின் முன் ஒன்பது பகடை சேர்ந்துவிட்டது. பத்தாவதோடு ரோலண்ட் வந்தார்.

“பிரமாதம் மேவிஸ். எங்க க்ளிஃபோடதும் இதே அச்சுதான். ஆயிரக்கணக்குல வந்துச்சு அப்போ. அவனுதுக்கு ஒரு கண்ணு நம்ம ஊரப் பாக்கும், இன்னொண்ணு பக்கத்து ஊரு டெர்பியப் பாக்கும்.” சிரித்தபடியே பகடையை வைத்தார்.

“அத எடுத்துருங்க ரோலண்ட்.”

“ஏன் வாத்தே, என் ஓட்டு மட்டும் உனக்கு ஆகாதா?”

மேவிஸ் பூதத்தைப் பிடித்துத் திருகினாள். பசை விட்டுப் பீடம் தனியே வந்தது. அடியைத் திருப்பிக் காட்டினாள்.

ரோலண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்துதான், படிக்க வெகுநேரம் ஆயிற்று.

“அலமாரிக்கு அடியில என்கூடக் குனிஞ்சு தேடினியே.”

“ஆமா.”

“டார்ச் புடிச்ச.”

“ஆமா.”

“முழங்கால் வலிக்குதுன்னு வேற சொன்ன.”

“அது நெசமாவே வலிச்சுது.”

பெவர்லி தேநீர் போடப் போய்விட்டாள்.

“அவன் பெயிண்ட்டத் தேச்சுக் கழுவின தண்ணி?” என்றார் ரோலண்ட்.

“சிங்க்ல ஊத்திட்டேன்.” என்றாள் மேவிஸ். “கண்ண மட்டுமாவது பழையபடி கோணலா வச்சுத் தரட்டுமா? இப்ப என் கைக்கு வரும்.”

“உனக்கு வரும். நீ வச்சா கணக்காக் கோணலா இருக்கும். அவன் நேரா வைக்கத்தான் பாத்தான், மேவிஸ். அவனுக்கு முடிஞ்சது அவ்வளவுதான்.”

மேசையிலிருந்த ஆணியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“உன் பேரையும் கீறு. அவன் பேருக்குக் கீழ.”

“வேணாம் ரோலண்ட்.”

“கீறு. பாராட்டாச் சொல்லல. நீ பண்ணினது, உன் பேரு இருக்கணும்.”

கண்ணுக்குள் ஊசிமுனை வெளிச்சம் வைத்த கைதான். ஈயத்தில் தன் பேரைக் கீற அதற்கு இரண்டு நிமிஷம் பிடித்தது.

ரோலண்ட் பூதத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பகடையை மட்டும் எடுக்கவில்லை. மற்ற ஒன்பதோடு அதுவும் வெற்றுப் பீடத்தின் முன்னாலேயே கிடந்தது. மேவிஸ் அதைத் தொடவுமில்லை, அந்த இடத்தைவிட்டு நகரவுமில்லை.