பத்துக்கு ஆறு

பூடெம்போ நகரின் எபோலா முகாமில் சாவைப் பத்துக்கு ஆறிலிருந்து ஒன்றுக்கு இறக்கியவள் சந்தையில் பீன்ஸ் விற்கும் கவீரா. பன்னிரண்டு நாள் பிடித்தது. ஒரு மூட்டை பீன்ஸுக்கே அரை நாள் பேரம் பேசுகிறவள் என்பதால் ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை.

கணவன் பலுகுவுக்குக் காய்ச்சல் கண்டபோது மலேரியா என்று நினைத்து ஏழு நாள் வீட்டிலேயே வைத்திருந்தாள். ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த ஏழு நாளை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். தலைநகர் கின்ஷாசாவிலிருந்து வந்திருந்த டாக்டர் லொகுவா வேலிக்கு அப்பால் நின்று, மருந்தும் உப்புநீரும் நரம்பு வழியாக ஏறுகின்றன, ஆனாலும் இவ்வளவு தாமதமாக வருகிறவர்களில் பத்துக்கு ஆறு பேர் போய்விடுகிறார்கள் என்றார். வெளியூர்க்காரர், பாவம். சொன்னால் சொன்னதுதான் என்று நினைத்துவிட்டார்.

"ஆறா? என் மூஞ்சியப் பாத்தா ஊருக்குப் புதுசு மாதிரி தெரியுதா டாக்டர்? மூணுன்னு போடுங்க."

"இது என் கையில இல்லம்மா."

"அப்ப யார் கையில இருக்கோ, உள்ள போய்க் கேட்டுட்டு வாங்க. நான் இங்கதான் நிக்கிறேன்."

உள்ளே போனார். அவர் கைவிட்டிருந்த கிழவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் வேறு வழியில்லாமல் திரும்பி வந்து ஐந்து என்றார். மறுநாள் நாலரை. அந்த அரை ஆள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்படியே இறங்கி ஒன்றில் வந்து நின்றது, அதற்குக் கீழே அசைய மறுத்தது. பத்துக் கட்டிலில் ஒன்பது பேர் நோய் தீர்ந்த சான்றிதழோடு வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சியவன் பலுகு.

ஊரார் வீட்டுக்கெல்லாம் பேசிக் கொடுத்துவிட்டுத் தன் புருஷனைக் கோட்டை விட்டோமே என்று கவீராவுக்கு அழுகை முட்டியது. அழுதால் விலை ஏறும். மிச்சமிருந்தது ஒரே வழிதான்.

"எனக்குக் கட்டுப்படியாகாது. நீங்களே வெச்சுக்குங்க," என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். சந்தையில் பத்து அடிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. வாசலையும் தாண்டினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வாடகை மோட்டார் சைக்கிள் நிற்கும் இடம்வரை போனபிறகு வேலியிலிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"அம்மா, நில்லுங்க. சரி, எடுத்துக்குங்க."

ரத்தம் இரண்டு முறை சுத்தம் என்று வந்ததும் பலுகு வெளியே வந்தான். கவீரா ஊர் வழக்கப்படி அவன் நெற்றிப்பொட்டோடு தன் நெற்றிப்பொட்டை மூன்று முறை ஒட்டியெடுத்தாள், நான்காவது முறை ஒட்டியதை எடுக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கண் மங்கலாக இருக்கிறதே, மூட்டு வேறு வலிக்கிறதாமே என்று குறை சொல்லி, கொசுறாக ஒரு கம்பளியும் இரண்டு சோப்பும் வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் டாக்டர் லொகுவா புதிதாக வருகிறவர்களிடம் எட்டு என்றுதான் ஆரம்பித்தார். பேசிக் குறைக்க அவர்களுக்கும் இடம் வேண்டும் அல்லவா.