பிறை வாட்ச்

"அந்த வாட்ச்சை மூணு தடவை கேட்டேன். விக்க முடியாதுன்னீங்க. இப்போ என் பொண்ணைக் கேட்டு என் வீட்டுக்கே வந்திருக்கீங்க" என்றார் அமீர் ஜான்.

எதிரே அவலூர்பேட்டை அஸ்ஃபாக்கும் அவர் மகன் ஃபர்தீனும் உட்கார்ந்திருந்தார்கள். வைத்த டீயை யாரும் தொடவில்லை.

"பசங்களுக்குள்ள பிடிச்சிருக்குது. அதுக்காக வந்தேன். உங்க மூஞ்சிக்காக வரல" என்றார் அஸ்ஃபாக்.

செஞ்சி பஜாரில் பெயின்ட் கடை வைத்திருந்த அமீர் ஜானுக்குப் பழைய தங்க வாட்ச் என்றால் உயிர். ஆண்கள் தங்கம் அணியக்கூடாது என்பது மார்க்கம். அதனால் வாங்கியதில் ஒன்றைக்கூட அவர் கட்டியதில்லை. சாவியும் கொடுப்பதில்லை, ஓடினால் தேய்ந்துவிடுமாம். "வீடு பூரா வாட்ச். மணி தெரியணும்னா பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருக்கணும்" என்று அவர் மனைவி ஹபீபுன்னிசா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அஸ்ஃபாக்கிடம் இருந்தது அவற்றில் சேராத ரகம். அவர் தகப்பனாருக்குப் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு முதலாளி கொடுத்த சுவிஸ் வாட்ச். தேதி காட்டும், பிரெஞ்சில் கிழமை காட்டும். கீழே சின்ன ஜன்னலில் நீல வானமும் பிறையும் நகரும். அந்த வீட்டு ஆண்களும் கட்டாமலே வைத்திருந்ததால் இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அதைப் பார்த்த நாளிலிருந்து அமீர் ஜானுக்குத் தன் பீரோவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு சம்மதம். ஆனா அந்த வாட்ச்சை மஹரா குடுங்க. வேற எதுவும் வேணாம்" என்றார்.

மஹர் என்பது நிக்காஹ்வில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய உரிமைப் பொருள். அஸ்ஃபாக் எழுந்தேவிட்டார்.

"பொண்ணைக் காட்டி வாட்ச் வாங்கப் பாக்கறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"வாட்ச் இல்லன்னா பொண்ணு இல்ல. வாசல் அதோ இருக்குது."

ஃபர்தீன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். "மஹர் அப்ஸானாவுக்குத்தானே மாமா?"

"அவளுக்குத்தான், அவளுக்குத்தான்" என்றார் அமீர் ஜான் அவசரமாக.

"அப்போ தர்றோம்."

அவர்கள் போனதும் அப்ஸானா உள்ளேயிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "எனக்கு இன்னா வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா அத்தா?"

"உன் கம்மல், வளையல் எல்லாம் யார் பீரோவுல இருக்குது? அதுவும் அங்கேயே இருக்கட்டும். உனக்கு எதுக்கு ஆம்பள வாட்ச்?"

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. சோற்றுத் தட்டைச் சத்தமாக வைத்துவிட்டுப் போவாள். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னையிலிருந்து காற்றுப்புகாத பெட்டி ஒன்றை வரவழைப்பதில் மும்முரமாக இருந்தார்.

திண்டிவனம் ரோடு மண்டபத்தில் நிக்காஹ் நடந்தது. பெண்ணின் சம்மதம் கேட்டு வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத், மஹர் ஒரு தங்க வாட்ச் என்று உரக்கச் சொன்னபோது அமீர் ஜானுக்குக் கண் கலங்கியது. மகளைப் பிரியப்போகிற தகப்பன் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

கடைசி துஆ ஓதி முடித்ததுதான் தாமதம், பெட்டியோடு மணப்பெண் அறைக்கு ஓடினார். அங்கே அஸ்ஃபாக் மருமகளைப் பார்த்து சலாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்ஸானாவின் மருதாணிக் கையில், அடுக்கிய தங்க வளையல்களுக்கு நடுவே, அந்த வாட்ச். பெரிய வாட்ச் என்பதால் மணிக்கட்டில் தளர்ந்து ஆடியது.

"ஐயோ, வளையல் உரசுது! கழட்டு, கழட்டு!" பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"எதுக்கு அத்தா? பொம்பளைங்க தங்கம் போடலாமே."

"விளையாடாதம்மா. பீரோவுல பத்திரமா இருக்கும்."

"மஹர் என்னுது. எனக்கு இஷ்டமில்லாம உங்க மாப்பிள்ளையே தொட முடியாது. நீங்க எப்படித் தொடுவீங்க?"

அமீர் ஜான் மனைவியைப் பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கறீங்க? மஹர் கேட்டது நீங்கதானே. யாருக்குப் போவும்னு தெரியாமலா கேட்டீங்க?" என்றாள் ஹபீபுன்னிசா.

அஸ்ஃபாக்குக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. "எம்மா அப்ஸானா, மணி இன்னாம்மா ஆச்சு?"

அவள் கையை உயர்த்தினாள். வளையல்கள் சரிந்து தங்கத்தின் மேல் சலசலவென்று விழுந்தன. அமீர் ஜான் கண்ணை மூடிக்கொண்டார்.

"பன்னெண்டே கால் மாமா. சாவி குடுத்துட்டேன். நல்லா ஓடுது."

சாயங்காலம் கார் புறப்படும்போது அமீர் ஜான் ஜன்னலோரம் போய் நின்றார். பெட்டி இன்னும் கையில்தான் இருந்தது. "மறுவீட்டுக்கு வருவ இல்ல?"

முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "வருவேன் அத்தா."

"அந்த..."

"வாட்ச்சை அங்கயே கழட்டி வெச்சுட்டு வருவேன்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.