சின்னப்பராஜின் அம்பாசிடரில் எலி

வரதராஜன்பேட்டையில் வாடகைக் கார் வைத்திருந்தவன் சின்னப்பராஜ். கும்பகோணத்து டாக்டர் ஒருவர் ஓட்டித் தள்ளிய பழைய அம்பாசிடர் அது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எண்பத்து நாலாம் வருஷம், தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அதற்குள் எலி புகுந்தது.

தெருக்கோடி ராசாங்கத்தின் மகளுக்கு விடிகாலையில் வலி எடுத்து, ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்று ஆள் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரை இழுத்தான். கார் முனகக்கூட இல்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் நாலைந்து ஒயர் அறுந்து கிடந்தது. அறுபட்ட முனைகளில் பொடிப்பொடியாகப் பல் தடம். அந்தப் பெண்ணை மாட்டுவண்டியில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கமாக வந்த லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஆனாலும் ராசாங்கம் அதற்குப் பிறகு சின்னப்பராஜைக் கண்டால் துண்டை உதறிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஒயரை மாற்றினான். எட்டாம் நாள் மறுபடியும் அறுந்தது. டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புகையிலையை நுணுக்கி எஞ்சினைச் சுற்றித் தூவினான். கார் ஓடும்போது அது பறந்து வந்து ஏறியவர்களெல்லாம் தும்மினார்கள். பாச்சை உருண்டை கட்டித் தொங்கவிட்டான். எலி அதை உருட்டிவிட்டுப் போனது. கருவாடு சொருகிப் பொறி வைத்தான். கருவாடு போச்சு, பொறி வாயைத் திறந்தபடியே இருந்தது. கொழுந்தியா வீட்டிலிருந்து ஒரு பூனையைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தான். அது முன்சீட்டில் சுருண்டு படுத்துப் பகலெல்லாம் தூங்கியது. மூன்றாம் நாள் அதே சாக்கில் திருப்பிக் கொண்டுபோய் விட்டான்.

கார் நிற்பது வீட்டை ஒட்டிய கீற்றுக் கொட்டகையில். கொட்டகையின் மறுபாதியில் அவன் மனைவி அற்புதம்மாள் முந்திரிக்கொட்டை மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்து அவளோடு உட்கார்ந்து கொட்டை உடைப்பார்கள். எலி வருவதே அந்த மூட்டைக்குத்தான் என்று சின்னப்பராஜ் சத்தம் போட்டான். அவளும் விடவில்லை. மூட்டை ஏழு வருஷமாக இங்கேதான் இருக்கிறது, ஒரு எலி எட்டிப் பார்த்ததில்லை, காரைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் இந்தக் கூத்து என்றாள். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. சோற்றுத் தட்டு மட்டும் நேரத்துக்கு வந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் அவனுக்கு ஒரு கல்யாணச் சவாரி இருந்தது. மேலத்தெரு சவரிராஜின் மகனுக்கு ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பத்து மணிப் பூசையில் கல்யாணம். அன்றைக்கு ஒயர் அறுந்தால் தொழிலே போய்விடும் என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. உரக்கடையில் எலி மருந்து வாங்கி வந்து, மசால்வடைக்குள் வைத்து, பானெட்டுக்குள் ரெண்டு, டிக்கியில் ரெண்டு போட்டான்.

அற்புதம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மருந்து தின்ன எலி அந்த எடத்துலயே சாவாதுங்க. எங்கயாவது சந்துல பூந்துதான் சாவும். வேண்டாம்."

அவன் காதில் வாங்கவில்லை. மறுநாள் நாலு வடையில் மூன்றைக் காணோம். அதற்கடுத்த நாளும் ஒயர் அறுபடவில்லை. காரைக் கழுவித் துடைத்து மெழுகு போட்டான். ரொம்ப நாளைக்கப்புறம் சீட்டியடித்தான்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை, சவரிராஜ், அவர் மனைவி, இரண்டு பெண்கள் என்று ஏறிக்கொண்டார்கள். பானெட்டில் மல்லிகைச் சரம் கட்டியிருந்தது. ஜெயங்கொண்டம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. வெயில் ஏற ஏற ஒரு வாடை கிளம்பியது. முதலில் யாரோ செருப்பில் எதையோ மிதித்துவிட்டார்கள் என்று நினைத்து எல்லோரும் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடியை இறக்கினார்கள். இறக்க இறக்க மோசமானது. அந்த நாற்றத்தோடு மாப்பிள்ளை போட்டிருந்த சென்ட்டும் மல்லிகையும் கலந்து குமட்டியது. சவரிராஜின் மனைவி முந்தானையை மூக்கில் வைத்தவள் எடுக்கவே இல்லை.

தா.பழூரில் நிறுத்தச் சொன்னார்கள். சின்னப்பராஜ் பானெட்டைத் தூக்கினான். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் போட்டான். காருக்குள் கிடந்த கால்மிதிகளை உதறினான். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைவீதி ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். கூட வந்த பெண்களில் ஒருத்தி ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். அந்நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து நின்றது.

சவரிராஜ் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சின்னப்பா, நாங்க பஸ்ல போயிக்கிறோம். நேரமாவுது" என்று மட்டும் சொன்னார். பட்டுவேட்டி மாப்பிள்ளை மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினான். கண்டக்டர் விசில் கொடுத்தார். பூக்கட்டிய காலிக் காரோடு சின்னப்பராஜ் நடுரோட்டில் நின்றான். அழுகை வரும்போல இருந்தது. சக்கரத்தை ஓங்கி ஒரு உதை விட்டான். கட்டைவிரல் வீங்கிப்போனதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து காரை வாசல் வெயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். நடந்ததை அரைகுறையாகச் சொன்னான். நான் அப்போதே சொன்னேனே என்று அற்புதம்மாள் கேட்பாள் என்று காத்திருந்தான். அவளோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு, "இங்க வாங்க, எறும்பு போவுது பாருங்க" என்று கூப்பிட்டாள்.

பின்கதவின் கீழ்விளிம்பில் எறும்புச் சாரை ஒன்று ஏறி, சீட்டுக்கு அடியில் போயிற்று. இரண்டு பேருமாகப் பின்சீட்டைப் பெயர்த்துத் தூக்கினார்கள். தகரத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு குழிவு. சீட்டின் நாரையே பிய்த்து மெத்தைபோலக் கூடு கட்டியிருந்தது. அதில் எலி உப்பிக் கிடந்தது. கூட்டைச் சுற்றிலும் கடித்துக் கடித்துப் போட்ட முந்திரிப் பருப்பு. ஒரு ஓரத்தில் எண்ணெய் ஊறிய பொட்டலக் காகிதங்கள், பக்கோடாத் துணுக்குகள்.

அற்புதம்மாள் ஒரு பருப்பைக் குச்சியால் புரட்டினாள். "இது நம்ம மூட்டைதான்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

சின்னப்பராஜ் காகிதத்தைப் பார்த்தான். ஜெயங்கொண்டம் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போது பின்சீட்டில் சாய்ந்து பக்கோடா தின்பது அவன் பழக்கம். "பொட்டலம் என்னுது" என்றான்.

கூட்டை வாரிக் கொல்லையில் புதைத்தார்கள். சீட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். மறுவாரமே மூட்டைகளைத் தரையிலிருந்து எடுத்து, மூங்கில் பரண் கட்டி மேலே ஏற்றினாள் அற்புதம்மாள். அவனும் காருக்குள் தின்பதை விட்டான். எலி குறைந்தது. அடியோடு போகவில்லை, ஆடி மாதம் ஹாரன் ஒயரை மட்டும் ஒன்று கடித்துவிட்டுப் போனது. ஆனால் வாடை போக இரண்டு மாசம் ஆயிற்று. அதுவரை ஒருத்தரும் அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. ஆண்டிமடம் சந்தைக்குக் கருவாட்டுக் கூடை ஏற்றும் ஒரு வியாபாரி மட்டும் வாரம் தவறாமல் வந்தார். அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.