மயான வளைவில் லேடி

வீரய்யா பேய்க்குப் பயப்படுகிற ஆளில்லை. நுவரெலியா வாவிக்கரையில் சுற்றுலா வந்தவர்களின் வாண்டுகளைக் குதிரையில் ஏற்றி இறக்குகிறவன் பார்க்காத பேயா? ஆனால் லேடி என்ற குதிரையை வாங்கிய நாளிலிருந்து, கொட்டிலுக்குப் போகும் வழியிலுள்ள மயான வளைவை மட்டும் அவன் பயந்துதான் கடந்தான்.

லேடி பந்தயத்தில் ஓடி, கால் நரம்பு பிசகி, ஓட்டத்தை விட்ட குதிரை. கொழும்பு முதலாளி அதைத் தன் குதிரைக்காரன் மூக்கனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மழைக்காலக் காய்ச்சலில் மூக்கன் செத்தான். தீனி போட வழியில்லாமல் அவன் பெண்சாதி நாகலெட்சுமி லேடியை வீரய்யாவுக்கு விற்றாள். "பொத்தகத்தப் பெறகு தர்றேன் தம்பி" என்றாள். பதிவுப் புத்தகத்தை வாங்காமல் குதிரையை வாங்கக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. லேடியின் அழகில் சொக்கிப்போய்த் தலையாட்டிவிட்டான், மடையன்.

தினமும் மாலையில் கொட்டிலுக்குத் திரும்பும்போது, மூக்கனைப் புதைத்த மயானத்தின் வளைவில் லேடி நின்றுவிடும். யாரோ அங்கவடியில் கால் வைத்து ஏறுவதுபோல முதுகை லேசாகத் தாழ்த்தும். சேணம் காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் அங்கிருந்து பாரம் சுமக்கிற நடைதான். வீரய்யா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஏப்ரல் சீசன் நெருங்கியது. புத்தகம் இல்லாத குதிரைக்கு வாவிக்கரையில் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சீசன் போனால் வருஷத்துச் சோறே போச்சு. புத்தகம் தொலைந்திருந்தால், விற்றவர் பொலிஸில் முறைப்பாடு போட்டு, சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். மிருக வைத்தியர் குதிரையின் அடையாளச் சுழிகளைப் பார்த்து எழுதினால் புதுப் புத்தகம் கிடைக்கும்.

தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமியின் லயத்து வீட்டுக்குப் போனான்.

"தொலைஞ்சிருச்சின்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"தொலையலையே தம்பி." அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "அவருகிட்டதான் இருக்கு."

"யாருகிட்ட?"

"பொட்டிய மூடறதுக்கு முந்தி அவரு சட்டப்பையில வெச்சேன். எல்லாரும் வெத்தல வெச்சாங்க, பீடி வெச்சாங்க. நான் அத வெச்சேன். லேடிய யாருக்கும் குடுத்துறாதன்னு சொல்லித்தான் கண்ண மூடுனாரு."

வீரய்யாவுக்கு மயான வளைவு ஞாபகம் வந்தது. அப்படியானால் தினமும் ஏறி வருவது சொந்தக்காரன், சட்டைப்பையில் புத்தகத்தோடு. பயத்தோடு பயமாகக் கோபமும் வந்தது.

"செத்தவருக்கு வயிறு இல்லக்கா. எம் புள்ளைங்களுக்கு இருக்கு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் எழுந்து முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

பொலிஸில் "தொலைஞ்சிபோச்சு" என்றாள். நீதவான் வீட்டில் அதையே கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். கைநாட்டு வைத்த பெருவிரலைத் துடைக்காமல், மையோடு தனியே பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்க்க வீரய்யாவுக்கு வெட்கமாக இருந்தது.

வைத்தியரிடம் லேடியைக் காட்டிவிட்டு இருவரும் திரும்பும்போது மூடுபனி இறங்கியிருந்தது. வளைவில் லேடி நின்றது. முதுகைத் தாழ்த்தியது. வீரய்யா கயிற்றை இழுக்கப் போனான். நாகலெட்சுமி தடுத்தாள். லேடியின் முதுகுக்கு மேலே, ஓர் ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் எழுதிக் குடுத்துட்டேன். இனிமே இது நம்மளுது இல்ல. எறங்கிக்குங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, சேணத்தைக் கழற்றியதும் உதறுமே, அப்படி லேடி உடம்பை ஓர் உதறு உதறியது. விறுவிறுவென்று நடக்கத் தொடங்கியது. வீரய்யா அதன் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். நாகலெட்சுமி வளைவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, இருட்டப் போகுது."

"நீங்க போங்க தம்பி. அவரு இப்பத்தான் எறங்கியிருக்காரு. தனியா விட்டுட்டு எப்பிடி வர்றது?"