பாதி மாத்திரை

சுதாகரன் தகர டின்னைத் திறந்து கலைச்செல்வியிடம் நீட்டினான். போன மாதம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் விழுந்து செத்துப்போன அவன் மனைவி பிரேமலதாவின் டின் அது. உள்ளே கிளினிக்கில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் காகித உறை. அதில் சிங்களத்தில் எழுதியிருந்த பெயரோ பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இருளாயியுடையது.

"அண்ணிக்கு பிரஷர் இருந்திச்சா அண்ணே?"

"ஓப்பநாயக்கவுல நடந்த மருத்துவ கேம்ப்ல சொன்னாங்க. கிளினிக்குப் போனா ஒருநாள் சம்பளம் போயிரும்னு இவ போகல. இருளாயி பெரியம்மாதான் தன்னோட மாத்திரையில பாதி குடுக்கும்."

கலைச்செல்வியும் இதே தோட்டத்துக்காரிதான். இரத்தினபுரியிலிருந்து வரும் ஆய்வுக் குழுவுக்காக ஒன்றரை வருடமாக வரிசை வீடுகளான லயங்களில் ஏறி, யார் என்ன மருந்து குடிக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கிறாள். குழுத் தலைவர் டாக்டர் ஆஸிக் மருந்துச் சீட்டு எழுதுகிறவர் இல்லை. தோட்டத்தின் இந்த டிவிசனில் மட்டும் நாற்பது வயதிலேயே ஏன் இத்தனை பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள், எதை மாற்றினால் விழமாட்டார்கள் என்று மொத்த ஊரையும் ஒரே நோயாளியாக வைத்துப் பார்க்கிறவர். நாளை மறுநாள் அவருடைய அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது. தினமும் மாத்திரை குடித்தும் பிரஷர் இறங்கவில்லை, மருந்தைக் கூட்ட வேண்டும் என்பதுதான் அதன் முடிவு. தினமும் குடிக்கிறார்கள் என்று சரி போட்டதெல்லாம் கலைச்செல்வியின் கை.

நேரே இருளாயியிடம் போய்க் கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றினாள். நூற்றுத்தொண்ணூறு காட்டியது.

"தெனமும் குடிக்கிறேன்னு சொன்னீங்களே பெரியம்மா?"

"குடிக்கிறேன்தானே! பாதி. மாவு, சீனி, நெருப்பு எல்லாம் இந்த லயத்துல மாத்தி மாத்திக் குடுத்துத்தானே பொழைக்கிறோம். மாத்திரை மட்டும் இல்லேன்னு சொல்லவா?" கிழவி கலைச்செல்வியின் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிறாதம்மா. கிளினிக் கார்டைப் புடுங்கிருவாங்க. பிரேமாவைக் கொன்னது நான்தான்னு ஊரும் பேசும்."

வெளியே வந்து கலைச்செல்வி டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

"தினமும் குடிக்கிறாங்கன்டு எத்தின பேருக்கு எழுதினீங்க?"

"அறுபத்திரண்டு, சேர்."

"அறுபத்திரண்டு பேரையும் திரும்பப் பாருங்க. அறிக்கை நிக்கட்டும். பாதி குடிக்கிற ஆளுக்கு மருந்தைக் கூட்டச் சொல்லி நான் எழுதினா, ஒருநாள் அதை முழுசாக் குடிச்சா அதுவே ஆளைக் கொல்லும். கார்டு யாருக்கும் போகாது, நான் பார்த்துக்கிறன். அந்த அம்மாவை இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு அடுத்த காம்பராவைத் தட்டினாள். போன் பேச்சைக் கேட்டுவிட்ட விஜயகலா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"எழுதினது போதும் போ. ஒருத்தி செத்ததுக்கு லயத்தையே பொய்க்காரங்களாக்கப் பாக்குறியா? நாங்க ஒழுங்காத்தான் குடிக்கிறோம்." கதவு சாத்தப்பட்டது.

துணிப்பையோடு புறப்பட்டு வந்த இருளாயி அதைப் பார்த்து நின்றுவிட்டாள். கார்டு போகாது என்று கலைச்செல்வி சொல்லியிருந்தாலும், கிழவி இன்னும் பயந்துதான் இருந்தாள்.

"ஏய் விஜயகலா, தொறடி! ஒங்க அண்ணன் மாத்திரையில நீ பங்கு வாங்குறது எனக்குத் தெரியாதா? நான் குடுத்த பாதிய நம்பித்தான் பிரேமா கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுனா. பாதி போதும்னு நான்தான் சொன்னேன்டி!"

உள்ளே கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

இருளாயி அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே வளைவில் ஆட்டோ திணறி ஏறி வந்தது.

"பெரியம்மா, எந்திரிங்க. ஒங்களுக்குத்தான் இப்ப அவசரம்."

"நிக்கச் சொல்லு. இவ உண்மையச் சொல்லாம நான் ஏற மாட்டேன்."

கலைச்செல்வி கிழவியின் கையைப் பிடித்தாள். நாடி விரலில் குதித்துக்கொண்டிருந்தது. மறு கையால் கதவைத் தட்டினாள், இந்தமுறை ஓங்கி.