ஏழாவது திருப்பத்தில் ஒரு கேஸ் அடுப்பு

நான்கு முறை சாம்பியன். மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் பறக்கும்போதும் கொட்டாவி விடுகிற மனிதர் என்று விளையாட்டுப் பக்கங்களில் பெயர் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் சுற்றுக்கு ஒருமுறை, ஏழாவது திருப்பத்தில் மட்டும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார் என்று இன்ஜினியர் கண்டுபிடித்துவிட்டார்.

"முழுசா எடுக்கலை சார். கொஞ்சூண்டு." கம்ப்யூட்டர் திரையில் ஓடிய கோட்டில் கொசு உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஒரு பள்ளம். "அதுல செகண்டுல நூத்துல மூணு பங்கு போகுது. அங்க என்ன பண்றீங்க?"

"யோசிக்கிறேன்."

"என்னத்த?"

சாம்பியன் மடியிலிருந்த ஹெல்மெட்டைச் சுரண்டினார். "கேஸை மூடினேனான்னு."

காலையில் வெந்நீர் வைப்பது அவர் பொறுப்பு. ஏழாவது திருப்பத்தில் நின்ற விளம்பரப் பலகையிலோ அவரே நாற்பது அடி உயரத்தில், கையில் கேஸ் அடுப்பை ஏந்தி, குழந்தை பிறந்த தகப்பன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். போன வருடம் கை நீட்டி வாங்கிய விளம்பரம். பலகையைக் கழற்றச் சொல்ல முடியாது. ஒப்பந்தம் அடுத்த மழைக்காலம் வரை இருந்தது.

நூறில் மூன்று பங்கு என்றால் மற்றவர்களுக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. சாம்பியனுக்கு அது பிழைப்பு. அதே அணியில், அதே மாதிரி காரில், அவருடைய மச்சானும் ஓட்டினான். மனைவியின் தம்பி. இருவருக்கும் புள்ளிகள் சமம். பாக்கி இருந்தது ஒரே ஒரு பந்தயம். முந்துபவருக்குப் பட்டமும் அடுத்த வருடத்துக் காரும். பிந்துபவர் கண்காட்சிகளில் டயர் பக்கத்தில் நின்று கைகாட்ட வேண்டியதுதான்.

"நீ யார் பக்கம்?" என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பஸ்ல போனா ரெண்டு பேர் பக்கமும்."

இன்ஜினியர் மூன்று நாள் தூங்காமல் ஒரு தீர்வு கண்டார். டயர் மாற்றுகிறவர்களில் நம்பகமான ஒருவரைப் பந்தயத்தன்று சாம்பியன் வீட்டுச் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பது. சுற்றுக்கு ஒருமுறை அவர் அடுப்பைப் பார்த்து ரேடியோவில் சொல்ல வேண்டும். எதையும் தொடக் கூடாது. அளக்கிற கருவி அளக்கப்படுகிற பொருளில் கை வைக்கலாகாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பந்தயம் தொடங்கியது.

"மூடியிருக்கு அண்ணே," என்றார் டயர்காரர். இரண்டாவது சுற்றிலும் மூடியிருந்தது. முப்பதாவது சுற்றிலும் மூடியிருந்தது. கோட்டில் பள்ளம் காணாமல் போனதைப் பார்த்து இன்ஜினியருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் மச்சான் ஒரு கார் நீளம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தான்.

அணிக்கு ஒரே அலைவரிசை என்பதால் அவன் காதிலும் இது விழுந்துகொண்டிருந்தது. "மாமா, நாம ரேஸ் ஓட்டுறோமா, கேஸ் ஏஜென்சி நடத்துறோமா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா."

கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் டயர்காரர் தொண்டையைச் செருமினார். "அண்ணே."

"சொல்லு."

"இப்ப எரியுது."

"யார் பத்த வச்சது?"

"அண்ணி. ஒன்றரை மணி நேரமா அடுப்பையே முறைச்சுட்டு இருக்கீங்களே, ஒரு வாய் டீ குடிங்கன்னு பால் வச்சாங்க."

"அவ எங்க?"

"ஹால்ல, டிவி முன்னாடி. தம்பி முன்னாடி போறாராம். கூப்பிட்டேன், இதோ வரேன்னாங்க. பால் ஏறுது அண்ணே."

"அணைச்சுத் தொலையேன்."

"தொடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்களே."

"தொடாதீங்க," என்று குறுக்கே வந்தது இன்ஜினியரின் குரல். "கோடு பிரமாதமா வருது."

வீடு பந்தயத் தளத்திலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர், அதுவும் எதிர்த் திசையில். சாம்பியனுக்கு இது தெரியும். அவர் காலுக்குத் தெரியவில்லை. ஏழாவது திருப்பத்தில் நாற்பது அடி சாம்பியன் சிரித்தார். ஓட்டுகிற சாம்பியன் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்கடுத்த திருப்பத்தில், ஆள் புகவே யோசிக்கும் இடைவெளியில் காரை நுழைத்து மச்சானைத் தாண்டினார்.

"மாமா, எங்க இவ்ளோ அவசரமா?"

"வீட்டுக்குடா."

கொடி அசைந்தது, கூட்டம் எழுந்தது, ஐந்தாவது பட்டம் வந்தது. கார் நிற்கவில்லை. மேடையையும் மேளத்தையும் கோப்பையோடு நின்ற மந்திரியையும் கடந்து, வெளிவாசல் தடுப்புக் கட்டை முன்னால் போய்த்தான் நின்றது. காவலாளி குனிந்து பார்த்தார்.

"பார்க்கிங் டோக்கன்?"

"ஐயா, வீட்ல பால் பொங்குது."

"எல்லார் வீட்லயும்தான் பொங்குது. டோக்கன்?"

பின்னாலேயே வந்து நின்ற இரண்டாவது காரிலிருந்து மச்சான் இறங்கினான். முகம் தொங்கிப்போயிருந்தது. "மாமா, ஜெயிச்சாச்சுல்ல. போய் கோப்பையை வாங்குங்க. வீட்டுக்கு நான் போறேன்."

சாம்பியன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் வேகத்துக்கா? பாத்திரமே உருகிடும்டா."